அண்ணா என்று கூப்பிட்டேன்

கடப்பாரை மண்ணில் இறங்கினால் 'சதக்' என்று ஒரு சத்தம் வரும், கல்லில் பட்டால் 'ணங்' என்று தோள் வரைக்கும் அதிரும், மனுஷன் மண்டையில் பட்டால் இந்த இரண்டும் இல்லாமல் இளநீரைப் பாறைமேல் தவறவிட்ட மாதிரி ஒரு சத்தம் வரும் என்பதைப் பத்து வயதில் தெரிந்துகொண்டவன் நான். ஐந்தாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்தும் ஏழாம் வாய்ப்பாட்டைத் தாண்டாத என் தலையில் இந்த ஒரு பாடம் மட்டும் ஒரே தடவையில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். பிழையில்லாமல் இருந்தால் அவள் கை, உளறலாக இருந்தால் என் வாய்.

அந்த வாயால்தான் எல்லாம் நடந்தது. எனக்கு வைத்த பெயர் கோவிந்தராஜ், ஆனால் வாத்தியார் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் கூப்பிட்டதைத் தவிர வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஊருக்கே நான் 'ஓட்டவாய்'. குருபரப்பள்ளியில் மெயின் ரோட்டை விட்டு ஏழு கிலோமீட்டர் உள்ளே போனால் எங்கள் ஊர். வீட்டில் பாதி கன்னடம் பாதி தமிழ், மளிகைக் கடையில் தெலுங்கு, மாட்டிடம் மட்டும் சுத்தக் கன்னடம், ஏனென்றால் அது அஞ்செட்டிப் பக்கம் பிடித்து வந்த மாடு, அதற்கு வேறு பாஷை ஏறவில்லை. படிப்பு விஷயத்தில் அந்த மாடும் நானும் ஒரே வகுப்பு.

எங்கள் அப்பா பெயர் திம்மராயன். ஆறு பேர் பிறந்த வீட்டில் மூத்தவர். தம்பி தங்கைகள் எல்லாரும் அவரை 'அண்ணா, அண்ணா' என்று கூப்பிட, அதைக் கேட்டே வளர்ந்த எங்கள் வாயிலும் அதுவே நின்றுவிட்டது. எங்கள் பக்கத்துக் கன்னட வீடுகளில் இது அதிசயம் இல்லை, பெற்ற அப்பனை அண்ணா என்று கூப்பிட்டவர்கள் தெருவுக்கு நான்கு பேர் இருந்தார்கள். அப்படியானால் கூடப்பிறந்த அண்ணனை எப்படிக் கூப்பிடுவது என்றால், பெயர் சொல்லித்தான். என்னைவிடப் பத்து வயது மூத்த முனிராஜ் எனக்கு 'முனியா', வாடா போடாதான்.

அண்ணா என்னை அடிப்பார். நான் பேசினால் அடிப்பார், பேசாமல் இருந்தால் ஏதோ திருட்டுத்தனம் என்று அடிப்பார். சாட்டை, செருப்பு, கயிறு, சைக்கிள் டியூப் என்று எங்கள் வீட்டில் என்மேல் படாத பொருள் ஆட்டுக்கல் மட்டும்தான், அதுவும் தூக்க முடியாததால். முனியாவையும் அப்படித்தான் அடித்து வளர்த்தார். முனியா ஓசூரில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்து நீலச் சட்டை போட்ட பிறகுதான் அவனை விட்டுவிட்டு, அவன் பங்கையும் சேர்த்து எனக்குக் கொடுக்க ஆரம்பித்தார். முனியா நைட் ஷிஃப்ட் முடித்துக் காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவான். கேண்டீனில் கொடுக்கிற பன்னைச் சாப்பிடாமல் டிபன் பாக்ஸில் போட்டு எனக்குக் கொண்டுவருவான். நசுங்கி, சாம்பார் வாசத்தோடு இருக்கும். என் முதுகில் புதுத் தழும்பு இருந்தால் பன்னில் பாதியை என் வாயில் திணித்துவிட்டு விளக்கெண்ணெய் தடவுவான். அப்பன் வேலையை இரண்டு பேர் பிரித்துக்கொண்டு செய்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓசூரில் இடம் போதாமல் கம்பெனிகள் எங்கள் பக்கம் இறங்கிய காலம் அது. ஒரு கம்பெனிக்கு மெயின் ரோட்டிலிருந்து பாதை போடப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததும், ரோட்டை ஒட்டி யார் நிலம் வரும் என்று ஊரே கணக்குப் போட்டது. எங்கள் பக்கம் மேட்டு நிலத்தைக் கொல்லை என்போம், எங்கள் கொல்லைக்குப் பக்கத்துக் கொல்லை சென்னப்பாவுடையது. மாரியம்மன் பண்டிகையில் ஊர் மொத்தமும் தேர் பின்னால் போன பகலில் இரண்டு கொல்லைக்கும் நடுவில் இருந்த எல்லைக்கல் நாலு அடி எங்கள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருந்தது. அதைப் பற்றி டீக்கடையில் முனியா கேட்கப் போய், பேச்சு முற்றி, சென்னப்பாவின் சட்டையைப் பிடித்துவிட்டான். பத்துப் பேர் பார்த்தார்கள்.

மறுநாள் சர்வேயர் வருவதாக இருந்தது. முனியா ஷிஃப்ட் முடித்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டான். அண்ணா கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு, நூல் பிடிக்க என்னைக் கூட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனார். நூலின் ஒரு முனை அந்தக் கல்லில், மறுமுனை இரண்டு மூன்று எட்டு தள்ளி வரப்பில் என் கையில். அண்ணா கல்லைச் சுற்றித் தோண்டிக்கொண்டிருந்தபோது சென்னப்பா வேப்பங்குச்சியை மென்றுகொண்டு வந்தான்.

"யோவ் திம்மராயா, கல்லு நட்ட எடத்துலதான் இருக்குது. உன் கண்ணுதான் நவுந்து போச்சு."

"நாலடி வந்திருக்குது. கல்லுக்குக் காலு மொளச்சுதா?"

"சர்வேயர் வரட்டும், அந்தாளு சொல்லட்டும்."

"அவன் எதுக்குடா? நட்டவன் எங்கப்பன். எங்க நட்டான்னு எனக்குத் தெரியாதா?"

சென்னப்பா குச்சியைத் துப்பிவிட்டுச் சிரித்தான். "எங்க நட்டதுன்னு கல்ல மட்டும் கேளு. வூட்டுல நட்டதெல்லாம் உன்னுதான்னு என்னிக்காவது கேட்டியா? உன் பெரியவன் மூக்கப் பாரு, என் மூக்கப் பாரு. அப்புறம் கல்லுக்கு வரலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மூக்கைப் பற்றி ஏதோ ஜோக் என்று நினைத்தேன். நான் சிரித்து முடிப்பதற்குள் முதல் அடி விழுந்தது. சென்னப்பா உட்கார்ந்தான், ஏதோ மறந்துபோனவன் மாதிரி தலையைத் தடவினான், கையைப் பார்த்தான். இரண்டாவது அடியில் கல்மேல் சாய்ந்தான். மூன்றாவதை நான் பார்க்கவில்லை, சத்தம் மட்டும்தான். அவன் கை தரையைப் பிறாண்டிக்கொண்டே வந்து நூலைப் பிடித்து இழுத்தது. மறுமுனை என் விரலில் சுற்றியிருந்தது. தூண்டிலில் மீன் இழுக்கிற மாதிரி மூன்று தடவை, நான்கு தடவை இழுத்தது. அப்புறம் நூல் தொய்ந்துவிட்டது. விரலில் ரத்தம் கட்டி நீலமாகியும் நான் நூலை விடவில்லை. பிடிக்கச் சொன்னது அண்ணா.

அவர் கடப்பாரையைப் பாழுங்கிணற்றில் போட்டுவிட்டு வந்து என் கன்னத்தைப் பிடித்தார். "வாயத் தொறந்த, அடுத்த மண்ட உன்னுது." அதோடு வீட்டுக்குப் போய் வேட்டியை அலசிக் கட்டிக்கொண்டு, மாட்டுக்குத் தீவனம் போட்டார்.

போலீஸ் வந்தபோது நான் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தேன், சட்டையெல்லாம் தெறித்த ரத்தத்தோடு. எஸ்.ஐ. தெற்கத்திக்காரர், வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கூட வந்த ஏட்டும் வெளியூர்.

"ஏலே, யாருல அடிச்சது?" என்றார் எஸ்.ஐ.

'ஏலே'வை அதுவரைக்கும் நான் கேட்டதில்லை. ஏலம் விடுகிறாரோ என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். விட்ட அறையில் கடைவாய்ப் பல் ஒன்று ஆடியது. எனக்கு முன்னால் இரண்டு அடிகள் இருந்தன, ஒன்று அண்ணாவின் கடப்பாரை, ஒன்று இவர் கை. கை பக்கத்தில் இருந்தது.

"அண்ணா, சார். அண்ணாதான் சார் அடிச்சாரு."

ஏட்டு எழுதிக்கொண்டார். 'அண்ணன் அடித்தான்' என்று எழுதினார். நான் சொன்ன 'அடிச்சாரு' அவர் காகிதத்துக்குப் போகும்போது 'அடித்தான்' ஆகிவிட்டது. கூடப்பிறந்தவனை எந்தப் பொடியன் 'அடிச்சாரு' என்பான் என்று அவருக்குத் தோன்றவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "இவனுக்கு அண்ணன் இருக்கானா?" என்று கேட்டார். இருக்கிறான், நேற்று டீக்கடையில் செத்தவன் சட்டையைப் பிடித்தான் என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், கேஸ் முடிந்தது.

ஒரு ஐந்து நிமிஷம், கேட்டால் சிரிப்பீர்கள், நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். உண்மையையும் சொல்லியாச்சு, அண்ணாவையும் யாரும் பிடிக்கப் போகவில்லை. இவ்வளவு பெரிய புத்திசாலியை வாத்தியார் ஃபெயில் ஆக்கிவிட்டாரே என்று நினைத்தேன். ஜீப் எங்கள் தெருப் பக்கம் திரும்பியபோதுதான் யாரைப் பிடிக்கப் போகிறார்கள் என்று புரிந்து பின்னாலேயே ஓடினேன்.

முனியா நீலச் சட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தான். முதல் உதை தூக்கத்திலேயே விழுந்தது. "என்ன சார், என்ன சார்" என்று எழுந்தவனை முடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார்கள். தடுக்கப் போன அம்மாவை ஏட்டு தள்ள, அவள் தண்ணீர்க் குடத்தின்மேல் விழுந்தாள். ஜீப்பில் ஏற்றும் முன் முனியா ஒரு தடவை மாட்டுக் கொட்டகையைப் பார்த்தான். அங்கே அண்ணா கையில் வைக்கோலோடு நின்றார், இடுப்பில் ஈர வேட்டி. முனியா வேட்டியைப் பார்த்தான், என் சட்டையைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான். அண்ணாவும் வாயை மூடிக்கொண்டார். ஊரிலேயே பெரிய வாயான என்னுடையதும் மூடிக்கொண்டது.

மறுநாள் மதியம் பாஷா பாய் வந்தார். டீக்கடைக்காரர், ஸ்டேஷனுக்கு டீ கொண்டுபோகிறவர். வாசலிலேயே நின்று அம்மாவிடம் சொன்னார். "அக்கா, பையன லாடம் கட்டறாங்க. பாதத்துல லத்தி. மூக்கு ஒடஞ்சுபோச்சு, ஒரு காதுல ரத்தம். தூங்கிக்கினு இருந்தேன்றான், அதுக்கு மேல ஒரு வார்த்த இல்ல. யாரக் காப்பாத்தறானோ, அல்லாவுக்குத்தான் தெரியும்."

உள்ளே அண்ணா களி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாய் சொன்னது காதில் விழாத மாதிரி இன்னொரு உருண்டையைப் பிட்டார். அவர் ஏன் எழுந்திருக்கவில்லை என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். மூக்கு. சென்னப்பா செத்துவிட்டான், ஆனால் அவன் சொன்ன மூக்கு அண்ணாவுக்குள் உட்கார்ந்திருந்தது. நான் அம்மாவின் புடவையை இழுத்து எல்லாவற்றையும் சொன்னேன், கல், நூல், கடப்பாரை, மூக்கு, 'அண்ணா'. வாய் திறந்தால் அடுத்த மண்டை என்னுடையது என்பதும் ஞாபகம் இருந்தது. அதனால் மண்டையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டே சொன்னேன்.

அம்மா களி கிண்டுகிற துடுப்பை எடுத்தாள். எத்தனையோ வருஷமாக அவரிடம் அடியை வாங்கிக்கொண்டவள், திருப்பிக் கொடுத்ததில்லை. அன்றைக்குக் கொடுத்தது புருவத்தில் விழுந்தது. தோல் பிளந்து ரத்தம் களித் தட்டில் சொட்டியது. அண்ணா கையை ஓங்கக்கூட இல்லை.

"அவன் உம் புள்ளையா இல்லையான்னு எங்கிட்ட கேக்காத," என்றாள். "ஸ்டேஷன்ல அவன் முதுகக் கேளு. உன் பேர ஒருவாட்டி சொன்னா அந்த அடி நிக்கும். சொல்லல. எந்த ஊரான் புள்ள உனக்காக அப்படி அடி வாங்குவான்?"

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். நூறு அடி பின்னால் அண்ணா வந்துகொண்டிருந்தார், புருவத்தில் துண்டை அழுத்திக்கொண்டு. நாங்கள் நின்றால் அவரும் நின்றார். ஸ்டேஷனுக்குள் நாங்கள் போனோம், அவர் வெளியே புளியமரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக் குந்திக்கொண்டார்.

"சார், எங்க வூட்ல அண்ணான்னா அப்பா, சார்," என்றேன்.

எஸ்.ஐ. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப அப்பான்னா யாருல? தாத்தாவா?"

"அப்பான்னு யாரும் இல்ல சார்."

"அண்ணன எப்படிக் கூப்பிடுவ?"

"முனியான்னு சார்."

"மூத்தவனப் பேரு சொல்லியா? மாட்ட எப்படிக் கூப்பிடுவ, மாமான்னா?"

"மாட்டுக்கு ஒண்ணும் வெக்கல சார்."

இன்னொரு அறை. ஆடிக்கொண்டிருந்த பல் அப்போதுதான் விழுந்தது. அம்மா சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்திருக்கிறாள், மூத்த மகனைக் காப்பாற்றப் புருஷனை மாட்டிவிடுகிறாள் என்று எஸ்.ஐ. நினைத்தார். ஏட்டு மட்டும் தன் காகிதத்தையே பார்த்துக்கொண்டு, "அய்யா, நேத்து இவன் அடிச்சாருன்னுதான் சொன்னான்," என்று முனகினார். எஸ்.ஐ. அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு, அம்மா கைகாட்டிய புளியமரத்தடியை ஒரு தடவை பார்த்துவிட்டு, முனியாவை வெளியே கொண்டுவரச் சொன்னார்.

இரண்டு பேர் தூக்கிவந்து தாழ்வாரத் தூணில் சாய்த்தார்கள். நீலச் சட்டை நீலமாக இல்லை. மூக்கு இருந்த இடத்தில் ஒரு வீக்கம் இருந்தது. அது யார் மூக்கு என்று இனிமேல் எந்தச் சென்னப்பாவும் சொல்ல முடியாது.

"கூப்பிடுல," என்றார் எஸ்.ஐ. "எப்பவும் கூப்பிடுற மாதிரி கூப்பிடு. யாரு திரும்புறான்னு பாப்பம்."

எனக்குக் கூப்பிட மனசு வரவில்லை. கூப்பிட்டால் ஒருவரை ஜெயிலுக்கு அனுப்புகிறேன், கூப்பிடாவிட்டால் இன்னொருவனை. ஒருவர் பெற்றவர், ஒருவன் பன் கொடுத்தவன். அம்மா என் தோளை அழுத்தினாள்.

"அண்ணா," என்றேன்.

புளியமரத்தடியில் முதுகு அசையவில்லை.

"அண்ணா."

தூணில் சாய்ந்திருந்த முனியா தலையைத் தூக்கினான். உதடு கிழிந்து தொங்கியது. அந்த வார்த்தையை நான் அவனுக்குச் சொன்னதே இல்லை, பத்து வருஷத்தில் ஒரு நாளும் இல்லை.

"என்னடா?" என்றான். "இங்க இருக்கறன். சொல்லு."

எஸ்.ஐ. என் காதைப் பிடித்தார். "பாத்தியால? இவந்தான் திரும்புறான்."

அப்போது மரத்தடியில் அண்ணா எழுந்தார். புருவத்துக் காயத்திலிருந்து துண்டை எடுத்து உதறினார். மெதுவாக நடந்து தாழ்வாரத்துக்கு வந்து, எஸ்.ஐ.யைப் பார்க்காமல் முனியாவின் முன்னால் நின்றார்.

"அவன் கூப்பிட்டது என்னைத்தாண்டா," என்றார். "நீ எதுக்கு நடுவுல வர்ற."

அந்தத் துண்டால் முனியாவின் மூக்கைத் துடைத்தார். முனியா வலியில் தலையை இழுத்துக்கொண்டான், அண்ணா விடாமல் அவன் பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டு துடைத்தார். இரண்டு பேர் ரத்தமும் ஒரே துண்டில். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"ஏனோ?" என்றார். கன்னடத்தில் 'என்னடா' என்று அர்த்தம், நான் கூப்பிட்டால் அவர் எப்போதும் கேட்கிற வார்த்தை.

"கடப்பாரை பாழுங்கெணத்துல கெடக்குது," என்று எஸ்.ஐ.யிடம் சொல்லிவிட்டு அவரே உள்ளே போனார்.

ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். ஜெயிலுக்கு முதல் தடவை மனு போட்டு அவரைப் பார்க்கப் போனபோது கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தைக் கூட்டமே நின்றது. நான் 'அண்ணா' என்று கத்தினேன், பதினேழு பேர் திரும்பினார்கள், எங்கள் அண்ணா திரும்பவில்லை. அதற்குப் பிறகு நான் அந்த வார்த்தையைக் கத்தவில்லை, வலைக்குப் பக்கத்தில் போய் நின்று அவர் பார்க்கிற வரைக்கும் காத்திருப்பேன். பல வருஷம் கழித்து வெளியே வந்தார். வந்தவர் யாரையும் அடிக்கவில்லை, மாட்டைக்கூட. சென்னப்பா வீட்டு வழியாகப் போக வேண்டியிருந்தால் ஏரியைச் சுற்றிக்கொண்டு போவார். சென்னப்பாவின் பெண்ணும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் இருந்தவர்கள். என்னைப் பார்த்தால் அவள் தலையைத் தொங்கப்போட்டுக்கொள்வாள், அவளைப் பார்த்தால் நான் தொங்கப்போட்டுக்கொள்வேன். அண்ணா நாலு வருஷம் அப்படி இருந்துவிட்டு ஒரு மத்தியானம் முனியா மடியில் தலைவைத்துச் செத்தார். மூக்கு விஷயத்தை அம்மாவிடம் நான் கேட்டதே இல்லை. நான் ஓட்டைவாய்தான், ஆனால் அவ்வளவு பெரிய ஓட்டை இல்லை.

இப்போது அந்தக் கொல்லைமேல் ரோடு போகிறது. கண்டெய்னர் லாரிகள் போகிற வேகத்தில் எல்லைக்கல் இருந்த இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. சண்டை போட்ட நாலு அடி ரோட்டின் நடுவில் வெள்ளைக் கோட்டுக்கு அடியில் எங்கோ கிடக்கிறது. அந்த ரோட்டோரத்தில்தான் என் பஞ்சர் கடை. ஊரில் இப்போது அப்பனை அண்ணா என்று கூப்பிடுகிற பிள்ளை ஒன்றுகூட இல்லை, கன்னட வீட்டிலும் அப்பா, டாடிதான். இதை எழுதுகிறவளும் டாடிதான் என்கிறாள். லாரிக்காரர்கள் எல்லாரும் "அண்ணா, காத்துப் புடிங்க" என்று என்னைக் கூப்பிடுகிறார்கள், ஒவ்வொரு தடவையும் எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் டியூபைக் கையில் எடுக்கிறேன். நான் யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை, டீ கொண்டுவருகிற பையனும் எனக்கு சார், கடைவாசலில் படுக்கிற நாயும் சார்.

முனியா சாயங்காலம் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்காருவான். மூக்கு கோணல், இடது காது அன்றைக்குப் போனது போனதுதான். அந்தப் பக்கத்திலிருந்து 'முனியா, முனியா' என்று நாலு தடவை கத்தினாலும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பான், நான் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய் நின்று டீயை நீட்டுவேன். வேறு வார்த்தை போட்டுக் கூப்பிட்டால் ஒருவேளை திரும்புவான். கூப்பிட்டுப் பார்க்கவில்லை. அந்த வார்த்தைக்கு அவன் ஒரு தடவை திரும்பினதே போதும்.